எஸ்.ஜி.பி.டி. 92 வந்துவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு வயது 52. முடக்கு வாதத்துக்காக இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 92, எஸ்.ஜி.ஓ.டி. 58. பிலிருபினும் அல்புமினும் சரியாக இருக்கின்றன, தட்டணுக்கள் 2.8 லட்சம். இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவைத்து மறுபடி பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மாமாவோ "அந்த மாத்திரையே இனி வேண்டாம், கீழாநெல்லி கொடுங்கள்" என்கிறார். காலையில் விரல் மடங்காத அந்த விறைப்பு திரும்ப வந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். நிறுத்தலாமா, கூடாதா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கைகளைக் காப்பாற்றும் மருந்து கல்லீரலைக் கெடுக்கிறதா, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி விட்டுக்கொடுக்கும் நிலை வருவதில்லை.

நான் வாத நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவன். இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆனாலும் உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. மருந்தை எந்த அளவில் கொடுப்பது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைச் சரிபார்ப்பது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல்கள் எரிச்சலடைந்தாலோ சேதமடைந்தாலோ அவை ரத்தத்தில் கசிகின்றன. கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. அதைச் சொல்பவை பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவை. உங்கள் அம்மாவுக்குப் பார்த்தவரை அவை சரியாக இருக்கின்றன. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் சிவப்பணுக்களிலும்கூட உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனாலே அது கொஞ்சம் கூடும். எஸ்.ஜி.பி.டி.தான் கல்லீரலை ஓரளவு நேராகக் காட்டுவது. பல லேப்களில் அதன் மேல் வரம்பு 40ஐ ஒட்டி இருக்கும். அப்படியானால் 92 என்பது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. 2009இல் பல நாட்டு வாத நோய் மருத்துவர்கள் சேர்ந்து வகுத்த பரிந்துரையில், மூன்று மடங்கைத் தாண்டினால் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி, எண் இறங்கியபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம் என்றார்கள். 2017இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல் 100ஐத் தாண்டினால் நிபுணரைக் கேட்கச் சொல்கிறது. உங்கள் அம்மாவின் எண் இந்த இரண்டு கோடுகளுக்கும் கீழே இருக்கிறது. ஆனால் அலட்சியமாக விட்டுவிடும் அளவுக்குக் கீழே இல்லை. லேப் அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதற்குத் தனி அர்த்தம் எதுவும் கிடையாது. 42 வந்தாலும் அப்படித்தான் அச்சாகும்.

அடுத்து, ரத்தம் எந்தக் கிழமை எடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வாராந்திர மாத்திரை போட்ட ஓரிரு நாள்களுக்கு இந்த நொதிகள் தற்காலிகமாக ஏறி, பிறகு இறங்கும். ஞாயிறு இரவு மாத்திரை போட்டுவிட்டு, திங்களோ செவ்வாயோ வெறும் வயிற்றில் லேபுக்குப் போனால், அந்த ஏற்றத்தின் உச்சியில் ரத்தம் கொடுத்ததாகிவிடும். அடுத்த மாத்திரைக்கு ஓரிரு நாள் முன்பு, உங்கள் அம்மாவுக்கு வெள்ளி அல்லது சனி, எடுப்பதுதான் சரி. திங்கட்கிழமை 92 காட்டியவருக்கு வெள்ளிக்கிழமை 50க்குக் கீழே வருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கிழமை எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது சரியல்ல. பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 28, 31, 30, 92 என்று வந்தால் அண்மையில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. 38, 52, 70, 92 என்று வந்தால் மெதுவாக ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

ஃபோலிக் ஆசிட் சாப்பிடுகிறாரா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட்டால் நொதிகள் ஏறுவதையும், குமட்டலையும் ஃபோலிக் ஆசிட் குறைக்கிறது, இதில் சந்தேகமில்லை. நம் ஊரில் வழக்கமாக 5 மி.கி. மாத்திரையை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடாத நாளில் கொடுப்பார்கள். சிலருக்கு வாரம் ஒன்று, சிலருக்கு அதற்கு மேல். "சத்து மாத்திரைதானே" என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். நிறுத்திய சில வாரங்களில் எண்கள் ஏறியிருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடலாம். இந்த இரண்டு மருந்துக்கும் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டுதலில், லெடர்லி ஆய்வகத்தில், 1940களில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதை எதிர்க்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அங்கிருந்துதான் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்த அந்த மருந்துக்கு, மிகக் குறைந்த அளவில் முடக்கு வாதத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1988இல்தான் அனுமதி கொடுத்தது.

வீட்டில் உடனே ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் இரண்டு மாத்திரையும் பெரும்பாலும் சிறியவை, மஞ்சள் நிறத்தவை; ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடலாம். வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். அட்டையைப் பார்த்து, எத்தனை மி.கி. மாத்திரை, வாரத்துக்கு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மருந்துக் கடையில் 2.5 மி.கி.க்குப் பதிலாக 7.5 அல்லது 10 மி.கி. மாத்திரையைக் கொடுத்து, வீட்டில் பழைய கணக்கிலேயே சாப்பிட்டுவந்தாலும் அளவு பல மடங்காகிவிடும்.

பிறகு, அம்மா வேறு என்னென்ன சாப்பிடுகிறார்? எழுதிக்கொண்டு வரச் சொன்னால் பாதியை விட்டுவிடுவார்கள் என்பதால், வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன். முதலில் வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக் கல்லீரலைச் சீண்டக்கூடியது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அசிக்ளோஃபெனாக் அதன் உறவுதான். நிமசுலைடு கல்லீரல் காரணத்தால் 2002இல் பின்லாந்திலும் ஸ்பெயினிலும் நிறுத்தப்பட்ட மருந்து; என் நோயாளிகள் யாருக்கும் அது வேண்டாம் என்றே சொல்வேன். அசிக்ளோஃபெனாக்குடன் பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொண்டு, நடுவில் "காய்ச்சல் மாத்திரைதான்" என்று 650 மி.கி. பாராசிட்டமாலைத் தனியாகப் போடுபவர்களுக்கு ஒரே மருந்து இரண்டு வழியாக உள்ளே போகிறது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை அண்மையில் தொடங்கியதா, ஆண்டிபயாட்டிக் ஏதாவது எடுத்தாரா என்றும் பாருங்கள். வாதத்தை அடக்கப் போடும் பயாலஜிக் வகை ஊசிக்கு முன்பு மறைந்திருக்கும் காசநோய்க்காக ஐசோநியாசிட் கொடுப்பதுண்டு. அதுவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேரும்போது எண்கள் ஏறுவது நாங்கள் எதிர்பார்க்கும் ஒன்று. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது கல்லீரலுக்காக இல்லை என்றாலும். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் கோட்ரைமாக்ஸசோல் மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம். எந்த மருந்துக் கடையிலும், எந்த டாக்டரிடமும் "வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்க அம்மாவைப் பழக்குங்கள்.

மூலிகைகளைப் பற்றி மாமா மனம் நோகாமல் சொல்லப் பார்க்கிறேன். நம் வீடுகளில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக் குணமானதைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்தக் காமாலைகளில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸால் வருவது, சில வாரங்களில் தானாகவே தணிவது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லியால் அந்த வைரஸ் பலருக்கு மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டால் ஏறிய நொதியைக் கீழாநெல்லி இறக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய அதே நாளில் கீழாநெல்லியைத் தொடங்கி, எண் இறங்கிவிட்டால் எதனால் இறங்கியது? ஏறிவிட்டால் எதனால் ஏறியது? இந்த இரண்டு வாரமும் புதிதாக எதையும் சேர்க்காமல் இருந்தால்தான் பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கும். மாமாவிடம் இப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

சில மூலிகைகள் கல்லீரலைக் கெடுக்கவும் செய்யும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி வந்ததை இந்தியக் கல்லீரல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் குறிப்பாக, தைராய்டு கோளாறு போன்ற தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் இருந்தார்கள். முடக்கு வாதமும் அந்த வகை நோய்தான். அமுக்கராவுக்கும், மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் கேப்சூல்களுக்கும் இப்படிப்பட்ட பதிவுகள் உண்டு. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. அதை யாரும் குறைக்க வேண்டாம். "மூட்டு வலிக்குக் கைகண்ட பொடி" என்று பெயரில்லாத பொட்டலத்தில் வருவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அம்மா ரகசியமாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் சொல்லமாட்டார்.

மருந்துகளுக்கு அடுத்தபடி நான் தேடுவது கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோய், இடுப்பைச் சுற்றிய எடை, கூடிய டிரைகிளிசரைடு இருந்தால் இதன் வாய்ப்பு மிக அதிகம். வலியால் நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்து, ஸ்டீராய்டும் எடுத்து எடை கூடிய பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரலை மேலும் சீண்டுகிறது. இங்கே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே எண்கள் நன்றாக இறங்கும். மாத்திரையை மாற்றி மட்டும் இது சரியாகாது. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை மருந்து தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். பழைய கோப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போது செய்துவிடுங்கள். தைராய்டு ஒருமுறை பார்ப்பதும் நல்லது. இதைப் படிக்கும் ஆண்களுக்காக மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்கள் வாரத்துக்கு 14 யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால்) குடித்தால் கல்லீரல் பாதிப்பு பெரிதாகக் கூடவில்லை என்று 2017இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. நம் ஊர் குவார்ட்டர், 180 மி.லி., 42.8 சதவீதம் என்றால், ஒன்றே ஏறக்குறைய 7.7 யூனிட். இரண்டு குவார்ட்டரில் அந்த வாரக் கணக்கு முடிந்துபோகிறது. அதனால் விட்டுவிடுங்கள் என்றே சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் மெத்தோட்ரெக்ஸேட் குற்றமற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடக்கு வாதமே இல்லாத இதய நோயாளிகள் ஏறக்குறைய 4,800 பேரிடம் இந்த மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. எல்லாருக்கும் ஃபோலிக் ஆசிட் கொடுத்திருந்தும், மருந்து சாப்பிட்டவர்களுக்கு நொதி ஏற்றம் அதிகமாகவே இருந்தது. ஆக மருந்து நொதியை ஏற்றும் என்பது உறுதி. அது தழும்பாகி, கல்லீரல் இறுகிப்போகும் நிலைக்கு எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதில்தான் கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. சொரியாசிஸுக்கு இதைக் கொடுத்தபோது, மொத்தம் 1.5 கிராம் உள்ளே போனதும் கல்லீரலிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வழக்கம் முன்பு இருந்தது. உங்கள் அம்மா இரண்டு ஆண்டில் அந்த அளவைத் தொட்டிருப்பார். முடக்கு வாதத்தில் இன்று அந்தக் கணக்குக்காக யாரும் பயாப்சி செய்வதில்லை. மருந்தின் மொத்த அளவைவிடச் சர்க்கரையும் எடையும் மதுவும்தான் தழும்புக்குப் பெரிய காரணம் என்ற எண்ணம் வலுத்துவருகிறது. என் அனுபவமும் அதையே சொல்கிறது, ஆனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன்.

தழும்பைப் பற்றி ஒரு தோராயமான கணக்கை நீங்களே போடலாம். அதன் பெயர் ஃபிப்-4. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதைத் தட்டணு (ஆயிரத்தில்), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் இரண்டின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். அம்மாவின் எண்களுக்கு 1.12 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் இது மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக உருவான கணக்கு இல்லை. மூட்டு அழற்சி அதிகமாக இருக்கும்போது தட்டணுக்கள் கூடுவதால் உண்மையைவிடக் குறைத்தும் காட்டலாம். எண்கள் திரும்பத் திரும்ப ஏறினால் வயிற்று ஸ்கேனும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் கேளுங்கள். ஃபைப்ரோஸ்கேனை நொதிகள் தணிந்தபின், குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் எடுப்பது நல்லது. நொதி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் கல்லீரல் உள்ளதைவிட இறுகியதாகத் தெரியும்.

உங்கள் டாக்டர் சொன்ன இரண்டு வார நிறுத்தம் நியாயமானதே. நிறுத்தாமல் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி பார்க்கும் டாக்டர்களும் உண்டு. இந்த எண்ணுக்கு இரண்டுமே சரியான வழிதான். இரண்டு வாரத்துக்குள் வாதம் முழு வேகத்தில் திரும்புவது அரிது. மருந்தின் பலன் சில வாரம் தாங்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆபத்து, இரண்டு வாரம் என்று சொன்னது இரண்டு மாதமாகி, கேட்பாரற்று அப்படியே நின்றுபோவதில் இருக்கிறது. முடக்கு வாதத்தில் தேய்ந்த எலும்பு மறுபடி வளர்வதில்லை. கல்லீரலோ பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் மறுபரிசோதனைத் தேதியையும், டாக்டரைப் பார்க்கும் தேதியையும் இன்றே குறித்துவிடுங்கள். பிரெட்னிசோலோனும் சாப்பிடுகிறார் என்றால் அதைச் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.

எண் இறங்கினால் 10 மி.கி. போன்ற குறைந்த அளவில் தொடங்கி, ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டி, சில வாரத்தில் மறுபடி பார்ப்பதுதான் பொதுவான வழி. இறங்காமலே நின்றால், காரணம் இந்த மருந்து இல்லாமலும் இருக்கலாம் என்பதால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கல்லீரலுக்கு மிக மென்மையானது. ஆனால் தனியாகக் கொடுக்கும்போது வலு குறைவு, கண் பரிசோதனையும் தேவை. சல்ஃபாசலசீன் ஒத்துக்கொள்ளலாம், முதல் சில மாதங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும். லெஃப்ளூனமைடு நல்ல மருந்துதான், ஆனால் அதுவும் கல்லீரலைச் சீண்டும். நிறுத்தினாலும் பல மாதம், சிலருக்கு இரண்டு ஆண்டுவரை, உடலில் தங்கும். அதனால் கல்லீரல் காரணத்துக்காக மெத்தோட்ரெக்ஸேட்டிலிருந்து அதற்கு மாற நான் தயங்குவேன்.

இந்த இரண்டு வாரத்தில் கண்ணோ சிறுநீரோ மஞ்சளாவது, ஓயாத வாந்தி, உடம்பு முழுக்க அரிப்பு, வாயில் புண்கள், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கசிவு, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் குறித்துவைத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் என்பதை முதலிலேயே சொல்லி, கல்லீரல் பரிசோதனையோடு ரத்த அணு எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்து வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக என்பதால், வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.